மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது?

"அந்தக் காலம் மாதிரி வராதுப்பா." கல்யாணப் பந்தியிலும் கோயில் மண்டபத்திலும் இதைக் கேட்காதவர் நம்மில் இருக்க முடியாது. கரண்டு இல்லை, கைப்பேசி இல்லை, ஆனாலும் தோட்டத்தில் நிம்மதியா இருந்தோம் என்பார்கள். கொஞ்சம் கவனியுங்கள், இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் தாத்தாமார்கள். அதே கேள்வியைப் பாட்டியிடம் கேட்டால் பதில் வேற மாதிரி வரும்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து விறகடுப்பை மூட்டணும். பொதுக்குழாயில் பிடித்து வைத்த தண்ணீரில் சமைக்கணும். தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விடணும். பெரட்டுக்கு நேரத்தோடு போய் நிற்கணும். அப்புறம் மரத்துக்கு மரம் ஓட்டம். வெட்டி, பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் தோளில் சுமந்துபோய் நிறுத்துக் கொடுக்கணும். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் தண்ணீர், விறகு. பால் வாடை போகாத துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கணும். கணவனும் அதே மரத்தைத்தான் வெட்டினான். ஆனால் சாயங்காலம் அவனுக்குக் கள்ளுக்கடை இருந்தது. அவளுக்கு அடுப்படி இருந்தது.

வீட்டுக்குள் வந்த குழாயும் கேஸ் அடுப்பும் சலவை இயந்திரமும் சாதாரண மக்களின் வாழ்க்கையை உயர்த்தவில்லை என்று யாராவது வாதாடினால், அவர் ஒருநாளும் குடும்பத்துத் துணியைத் துவைக்காதவர் என்றுதான் நினைப்பேன்.

காந்தியடிகளை இயந்திரங்களின் எதிரி என்று பள்ளியில் படித்திருப்போம். 1909இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பும்போது அவர் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் இயந்திர நாகரிகத்தைக் கடுமையாகவே சாடினார், ரயிலைக்கூட விடவில்லை. ஆனால் பின்னாளில் ஒரு விதிவிலக்குச் சொன்னார். அது சிங்கர் தையல் இயந்திரம். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப் போவதைப் பார்த்த ஒருவர், அவள் பாரத்தைக் குறைக்க அன்பினால் செய்த கருவி அது என்று அவர் கருதினார். (நிஜத்தில் சிங்கர் அப்படியொன்றும் நல்ல கணவர் இல்லை. அது வேறு கதை.) நமக்கு வேண்டியது காந்தி பிடித்த அளவுகோல்: இந்தக் கருவி யாருடைய பாரத்தை இறக்குகிறது?

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்றைக்கு வருவோம். மழை கொட்டுகிறது, பசிக்கிறது. கைப்பேசியில் இரண்டு தட்டு தட்டினால் வாசலுக்குச் சாப்பாடு வந்துவிடும். எனக்கு வசதிதான். மோட்டாரில் நனைந்துகொண்டு வருபவன் யார்? பல நேரங்களில் நம்ம பையன்தான். எஸ்பிஎம் முடித்துவிட்டுச் செயலியில் பதிந்துகொண்டு ஓட்டுகிறான். ஓட்டினால் காசு. காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்கு வருமானம் கிடையாது. முதலாளி எங்கே என்று கேட்டால் கைப்பேசியைத்தான் காட்ட வேண்டும். மேலே திட்ட ஒரு தண்டல்கூட இல்லாத வேலை என்று தோன்றும். ஆனால் எந்த வழியாகப் போகணும், எத்தனை நிமிஷத்தில் சேரணும் என்பதைச் செயலி சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவனையே கேட்டால், "பரவாயில்லண்ணே, நினைச்ச நேரத்துக்கு ஓட்டலாம், காசும் சீக்கிரம் கைக்கு வருது" என்பான். அதையும் பொய் என்று ஒதுக்க மாட்டேன். தொழிற்சாலை இரவு ஷிப்டு என்னவென்று தெரிந்தவன் அவன். ஆனாலும் என் சமையலறையிலிருந்து போன பாரம் அவன் முதுகுப் பையில் ஏறியிருக்கிறது என்பதை நான் மறக்கக் கூடாது.

சரி, இயந்திரங்கள் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரமாவது நமக்குக் கிடைத்ததா? பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1930இல் ஒரு கணக்குப் போட்டார்: நூறு வருஷத்தில் மனிதன் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்ற நிலை வந்துவிடும். அந்த நூறு வருஷம் 2030இல் முடிகிறது. நம் நாட்டில் 2023 ஜனவரி 1 முதல்தான் சட்டப்படியான வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45க்கு இறங்கியது. அதுவும் தாளில். ராத்திரி பத்து மணிக்குப் புலனத்தில் "நாளைக்கு அந்த ரிப்போர்ட்" என்று மேலதிகாரி தட்டிவிடுவது எந்த 45இல் சேரும்?

மீதி நேரத்தைக் கைப்பேசியே தின்றுவிடுகிறது. இதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும். குழாயடியில் சண்டை நடக்கும், உண்மைதான். ஆனால் யார் வீட்டுப் பிள்ளைக்குச் சுகமில்லை, யார் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்ற சேதியும் அங்கேதான் கிடைக்கும். தீபாவளி முறுக்கு சுட நாலு வீட்டுப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இன்று அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து வருஷம் இருந்துவிடலாம். முறுக்கு இயங்கலையில் வந்துவிடுகிறது. தாத்தா ஏங்குவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அந்த ஏக்கம் நியாயமானது. அதற்காகப் பாட்டியை மறுபடியும் குழாயடிக்கு அனுப்ப முடியாது. சேர்ந்து உட்கார வேறு காரணத்தை நாம்தான் உண்டாக்கணும். நம் கிளைகளில் வாரம் ஒருநாள் கூடுகிறோமே, அது அப்படிப்பட்ட ஒரு காரணம்.

இன்னொரு கணக்கு வீட்டுக்குள்ளேயே பாக்கி இருக்கிறது. சலவை இயந்திரம் வந்து எத்தனையோ வருஷமாச்சு. துணியைப் போடுவது யார்? எடுத்துக் காயப்போடுவது யார்? மழை வரும்போது ஓடிப்போய் எடுப்பது யார்? மடித்து அலமாரியில் வைப்பது யார்? இருபத்திரண்டு வயசில் கைப்பேசியில் எல்லாச் செயலியும் அத்துப்படியாக இருக்கிற தம்பிக்கு, அந்த இயந்திரத்தில் எந்தப் பொத்தானை முதலில் அழுத்தணும் என்று தெரியுமா? இந்த வாரம் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள், அப்புறம் காட்டிக் கொடுப்பார்கள்.