சுவருக்குப் பின்னே யார்?

அறத்தைப் பற்றிய ஐயம் நூலகத்திலும் வழக்காடு மன்றத்திலும் எழுவது இயல்பு. துப்பாக்கி செய்வோருக்கே எழுந்தால்?

எக்ஸ்.எம்.25! அமெரிக்கப் படைக்காக ஆர்பிட்டல் ஏ.டி.கே. என்ற அந்நாட்டு நிறுவனமும், ஜெர்மனியின் ஹெக்லர்-கோக் நிறுவனமும் கூடி உருவாக்கிய சோதனைக் கருவி. குண்டு வீசும் துப்பாக்கி. சுவருக்குப் பின்னே பதுங்கியவனை நேரே பாயும் ரவை தீண்டாது. மண்சுவர் எதிரிக்கும் காவல், ஏழைக்கும் காவல். அந்தக் காவலை அழிக்கவே இக்கருவி பிறந்தது. லேசர் ஒளி தொலைவை அளக்கும். வீரன் அதனோடு ஒன்றிரண்டு மீட்டர் கூட்டுவான். 25 மில்லிமீட்டர் குண்டு தன் சுழற்சியைத் தானே எண்ணியபடி பறந்து, சுவரைத் தாண்டியதும் அந்தரத்தில் வெடிக்கும். மந்திரமல்ல, மாயமல்ல, பள்ளிச் சிறுவன் பயிலும் கூட்டல் கணக்கு!

ஒருவன் பதுங்கினான் என்பதற்காக விமானத்தை அழைத்து வீட்டையே தரைமட்டமாக்குவதைவிட இது மேலன்றோ என்று கேட்பர். எள்ளி நகையாடத்தக்க வாதமன்று இது. சிறு குண்டு சிலரைத்தான் கொல்லும். பெருங்குண்டு தெருவையே கொல்லும். ஆனால், தோழர்களே, எத்தனை மீட்டர் என்று சொல்லும் கருவி, யார் என்று சொல்லுமா? துப்பாக்கி ஏந்தியவனா, ஓசை கேட்டு அஞ்சி ஒதுங்கிய உழவனா? மறைந்திருப்பவனைக் கொல்லும் ஆற்றல் வளர்ந்த அளவுக்கு, மறைந்திருப்பவனை அறியும் ஆற்றல் வளரவில்லை.

2010-ஆம் ஆண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானத்தில் இக்கருவி களமிறங்கிற்று. 'தண்டிப்பவன்' என்று செல்லப்பெயர் சூட்டினர். தண்டனையாம்! குற்றச்சாட்டு எங்கே? விசாரணை எங்கே? முகம்கூடத் தெரியாதே!

இனி ஜெர்மானியரின் ஐயத்துக்கு வருவோம். 1860-களில் ரஷ்யா, வெடிமருந்து வண்டிகளைத் தகர்க்க ஒரு வெடிரவையைச் செய்தது; பிறகு அதையே மனித உடல் போன்ற மென்பொருளில் பட்டாலும் வெடிக்குமாறு திருத்தியது. செய்தவர்களே அஞ்சினர். 1868-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நாடுகள் கூடின. 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டு கூடாது எனக் கையொப்பமிட்டன. எக்ஸ்.எம்.25-இன் குண்டு அந்த எடைக்கு மிகக் கீழே. ஆகவே, போர்ச் சட்டத்துக்கு இது ஒத்ததென அமெரிக்க அரசு உறுதி தரட்டும் என்று ஹெக்லர்-கோக் கேட்டது. அந்த உறுதிமொழியில் அமெரிக்கா கையொப்பமிட்டதில்லை. பின்னாளில் விமானங்கள் சிறு வெடிகுண்டுகளைச் சுட்டுத் தள்ளியதால், தடை தேய்ந்துவிட்டது என்போரும் உண்டு.

இன்னொன்று: அந்த உறுதிமொழி, கையொப்பமிட்டோர் தமக்குள் போரிட்டால் மட்டுமே செல்லும். ஆப்கானியனை அன்று யார் அழைத்தார்? 1899-இல் ஹேக் மாநாட்டிலும், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பிறந்த விரியும் ரவைக்குத் தடை கோரியபோது, 'காட்டுமிராண்டிகளை' நிறுத்த அது தேவை என்று வாதாடியவர் பிரிட்டனின் பேராளர்! எடையைக் கிராமில் நிறுத்த நாகரிகம், மனிதனை எந்தத் தராசில் நிறுத்தது?

2013-இல் பயிற்சியின்போது கருவி தவறி வெடித்து, வீரர் ஒருவர் சிறு காயமுற்றார்; களத்திலிருந்து திரும்பப் பெற்றனர். 2017-இல் ஒப்பந்தமே நீக்கப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்க நிறுவனம், கருவிகளைத் தரவில்லை என்று ஜெர்மானிய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. கேட்ட இழப்பீடு 2 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேல். சுவருக்குப் பின்னே இருந்தவர் எவரும் அவ்வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர்.