சுமை இறங்கும் உயரம்

ஆனி மாதம். விடியலிலேயே சாரல். குற்றால மலை மேகத்துக்குள் போய்விட்டது.

செங்கோட்டைப் பக்கம் சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மேல்கல் என் தோளுக்கு வருகிறது. தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம், கைகொடுக்க ஆள் தேட வேண்டாம். அப்படியே சரித்து வைக்கலாம். இளைப்பாறிவிட்டு அப்படியே தலைக்கு ஏற்றலாம். தரையில் இறக்கிய மூட்டையைத் தனியாளாகத் தூக்கிப் பார்த்தவருக்கு இந்த உயரத்தின் அருமை தெரியும்.

*

இந்தச் சாலை ஆரியங்காவுக் கணவாய்க்குப் போகிறது. ரயில் வருவதற்கு முன்பு சரக்கெல்லாம் தலையிலும் மாட்டு முதுகிலும் வண்டியிலும்தான் மலை கடந்தது. 1904ல் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயில் ஓடியது. கழுதுருட்டியில் அதற்காகக் கட்டிய கருங்கல் பாலத்துக்கு 13 கண். கண்களை எண்ணி ஊரார் பாலத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கல் சுமந்தவர்களை எண்ணிவைத்தவர் யார்?

2010ல் மீட்டர்கேஜ் நின்றது. 2018ல் அகலப்பாதை வந்தது. ஆனாலும் மலை மலைதான். கொல்லம் போகிற வண்டிக்குச் செங்கோட்டையில் பின்னால் ஓர் எஞ்சின் மாட்டுகிறார்கள். முன்பெட்டியில் இருப்பவருக்கு அது கண்ணில் படாது. ஏற்றத்தில் அது தள்ளுகிறது, இறக்கத்தில் பிடித்துக்கொள்கிறது.

*

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் மார்க்வெட் என்று ஓர் ஊர். இரும்புத்தாது ஏற்றுமதியால் வளர்ந்த ஊர். தொடக்கத்தில் கூலியாட்கள் தாதைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கப்பலில் கொட்டினார்கள். பிறகு ஏரிக்குள் உயரமான துறை கட்டி, அதன் உச்சிக்கே ரயிலை ஏற்றினார்கள். வேகனின் அடிக்கதவைத் திறந்தால் தாது துறையின் அறைகளில் விழும். அங்கிருந்து சரிவு வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும். 1971ல் வேலை நின்றுபோன துறை ஒன்று இன்னும் ஏரிக்குள் வெறுமனே நிற்கிறது.

படத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு இந்தச் சுமைதாங்கிதான் நினைவுக்கு வந்தது. இரண்டிலும் சூட்சுமம் ஒன்றே: மேலே ஏற்றிய சுமையைத் தரைக்கு விட்டுவிடாதே.

*

மாலை. புளியரைச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் காய்கறி போகிறது; நம் மண்ணில் உடைத்த ஜல்லியும் எம்-சாண்டும் போகின்றன. ஒரு காலத்தில் சுமை மனிதரைத்தான் அழுத்தியது. இப்போது நிலத்தையும் சேர்த்து அழுத்துகிறது. நிலம் எங்கே இறக்கிவைக்கும்?

சுமைதாங்கியில் இன்று யாரும் எதையும் வைக்கவில்லை. மழைத்தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது.

*

இரவு, எழுதி முடிக்கும் முன்பு ஒன்று.

பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்காகச் சுமைதாங்கி நடுவது நம் பழைய வழக்கம். அவளால் இறக்க முடியாமல் போனது. வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போது அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பினார்கள்.

ஏரித்துறையின் உயரத்தைக் கப்பலைப் பார்த்து அளந்திருப்பார்கள். இந்தக் கல்லை நட்டவர், போய்விட்ட அவளுடைய தோளை நினைத்துத்தான் அளந்திருப்பார்.