கைமாற்று

மாணவர் குறும்படம் ஒன்று முடிகிறது. திரை இருண்டு, பெயர்கள் மேலேறத் தொடங்குகின்றன. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று நாலைந்து பெயர்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வருவதும் உண்டு. அதன் பிறகு ‘நன்றி’ என்ற தலைப்பில் ஒரு நீண்ட வரிசை. அதிகாலையில் கடையைத் திறந்துவிட்ட டீக்கடைக்காரர், வீட்டைக் கொடுத்த நண்பனின் பெரியம்மா, ஆட்டோவை அரைநாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த அண்ணன், சீரியல் விளக்குகளை வாடகை வாங்காமல் தந்த சவுண்ட் சர்வீஸ்காரர், பிணமாகப் படுத்துக்கொடுத்த பக்கத்து வீட்டுத் தாத்தா. இந்தப் பெயர்கள் வந்து முடிவதற்குள் அரங்கில் விளக்குப் போட்டுவிடுகிறார்கள். எல்லோரும் எழுந்து இயக்குநரைச் சூழ்ந்துகொள்கிறார்கள்.

அந்த வரிசையைக் கடைசிவரை வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. படத்தில் காணாமல் போன ஊர் சில சமயம் அதில் இருக்கும்.

கூலி கொடுத்து எடுக்கப்படும் படத்தில் இந்த வரிசைக்குப் பெரிய கனம் இல்லை. விளக்குப் பிடித்தவருக்குப் பேட்டா போய்ச் சேர்ந்துவிட்டது; வீட்டுக்காரருக்கு நாள் வாடகை வந்துவிட்டது. அன்றன்றைக்கே கணக்குத் தீர்ந்துவிடுவதில் இரு தரப்புக்கும் ஒரு விடுதலை இருக்கிறது. ஒருவருக்கொருவர் பாக்கி எதுவும் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். மாணவன் எடுக்கும் படத்தில் எதுவும் அப்படித் தீர்வதில்லை. அவன் கையில் இருப்பது ஒரு கேமரா, பெரும்பாலும் அதுவும் இரவல், நான்கு நண்பர்கள், செமஸ்டர் முடிவதற்குள் மிச்சமிருக்கும் சில வாரங்கள். மற்ற அத்தனையும், இடமும் பொருளும் முகமும் நேரமும், யாரோ ஒருவர் சீட்டு எழுதிக்கொள்ளாமல், வட்டி பேசாமல், திருப்பித் தரும் தேதி கேட்காமல் கொடுத்த கைமாற்று.

படம் எடுத்ததில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் மாணவர்கள் சொல்லும் பதில்கள் நமக்குத் தெரிந்தவையே. வெயில் இறங்குவதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும், கன்டின்யூட்டி பார்க்க ஓர் ஆளை வைக்க வேண்டும், ஒலியை அலட்சியம் செய்யக் கூடாது. எல்லாம் உண்மை. இரண்டாவது படத்தில் யாரும் சொல்லாமலே இவை கைவந்துவிடும். இவை கருவியோடு ஒட்டிய அறிவுகள். கருவி மாறினால் பாதி உதிர்ந்துபோகும். உதிராமல் நிற்கும் பாடம் ஒன்று உண்டென்றால், அது அந்த நன்றி வரிசைக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

படப்பிடிப்புக்கென்று ஒரு வீடு கிடைத்ததும் ஒலிப்பதிவு செய்பவர் முதலில் தேடுவது பிரிட்ஜின் பிளக்கை. அதன் உறுமல் அந்த வீட்டாருக்குப் பழகிவிட்டது. மைக்குக்கு எந்த நாளும் பழகாது. அணைத்துவிடுகிறார். அணைத்ததை மாலையில் யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை என்பதால் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது: வண்டிச் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. புறப்பட வேண்டுமானால் அதைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்விளக்கு எரியாது. எரியாத விளக்கைப் பார்த்ததும் பிளக் நினைவுக்கு வரும். உள்ளே அந்த வீட்டம்மா மறுநாளுக்கு அரைத்துவைத்த மாவு இருக்கிறது. அவருடைய மாமியாரின் இன்சுலின் இருக்கிறது.

இந்தச் சிறு தந்திரத்தில் மனித இயல்பைப் பற்றிய ஒரு கூர்மையான அறிவு ஒளிந்திருக்கிறது. நன்றியை ஓர் உணர்ச்சி என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் காலையில் கதவைத் திறந்துவிட்டவரைப் பார்த்து நெகிழ்ந்த நெஞ்சு, மாலையில் கடைசி ஷாட் முடிந்த களிப்பில் அவருடைய பிரிட்ஜை மறந்துவிடக் கூடியது. அந்த நெகிழ்ச்சி பொய் என்பதால் இல்லை, உணர்ச்சிக்கு ஆயுள் அவ்வளவுதான் என்பதால். ஆகவே அறிந்தவன் தன் உணர்ச்சியை நம்புவதில்லை. பிறர் பொருளின் பத்திரத்தைத் தன் புறப்பாட்டோடு முடிச்சுப் போட்டுவைக்கிறான். அதைச் சரிசெய்யாமல் தன்னால் நகரவே முடியாது என்று ஆக்கிக்கொள்கிறான். கடப்பாடு என்று தத்துவம் பேசுவோர் சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

அதே ஒலிப்பதிவாளர் கிளம்புவதற்கு முன் இன்னொன்றும் செய்வார். எல்லோரையும் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்கச் சொல்லி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்வார். ரூம் டோன் என்பார்கள். வசனங்களுக்கு இடையே விழும் வெற்றிடங்களில் வெறும் நிசப்தத்தை வைத்தால் படம் அறுந்துபோனது போலக் கேட்கும்; அந்த அறைக்கே உரிய அமைதியை வைத்தால்தான் உயிர் தொடரும். ஒவ்வொரு வீட்டு அமைதியும் வேறு. பின்கட்டில் சொட்டும் குழாய், இரண்டு தெரு தள்ளி ஓடும் மாவு மில், சுவருக்கு அப்பால் யாரோ ஒரு குழந்தையை அதட்டும் குரல். காலையிலிருந்து அந்த இடத்தை நம் பிள்ளைகள் ‘லொகேஷன்’ என்று அழைத்து, சோபாவைத் தள்ளி, சாமி படத்தைக் கழற்றி, திரைச்சீலையை மாற்றி, தங்களுக்கு வேண்டியதை அதனிடமிருந்து வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் அதனிடம் எதுவும் கேட்காமல் அதைக் கேட்கிறார்கள். அப்போதுதான் அது மீண்டும் வீடாகிறது.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான விடை தரும் மாணவர் படம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. சார்லஸ் பர்னெட் என்ற கறுப்பின இளைஞர், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தம் முதுகலைப் பட்டத்துக்காக எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’. தாம் வளர்ந்த வாட்ஸ் பகுதியில், பெரும்பாலும் வார இறுதி நாட்களில், 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளில், 10,000 டாலருக்கும் குறைந்த செலவில் படமாக்கினார். நடித்தவர்களில் பெரும்பாலோர் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும். ஆட்டுத்தொட்டியில் வேலை பார்த்து, இரவில் தூக்கம் வராமல் தவிக்கும் ஸ்டான் என்பவனின் நாட்களே கதை. கதை என்று சொல்லும்படி அதிகம் நடப்பதுமில்லை. 1977இல் படம் முடிந்தது.

அதில் ஒரு காட்சி. ஸ்டானும் அவன் நண்பனும் உள்ள காசைக் கொடுத்து ஒரு பழைய கார் இன்ஜினை வாங்குகிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு படி படியாக இறங்குகிறார்கள். விரல் நசுங்குகிறது, மூச்சு வாங்குகிறது. பிக்கப் வண்டியின் பின்பலகை விளிம்பில் வைத்தாயிற்று. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். போதும் விடு என்று விட்டுவிடுகிறார்கள். வண்டி கிளம்பியதும் இன்ஜின் தெருவில் விழுந்து பாழாகிறது. இருவரும் இறங்கி வந்து பார்க்கிறார்கள். பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். நகரும் வண்டியிலிருந்து பார்க்கும் கேமராவில் அந்த இரும்பு சிறுத்துக்கொண்டே போகிறது. சோக இசை இல்லை, முகத்தின் குளோசப் இல்லை, நீதி சொல்ல யாரும் வரவில்லை. அவர்கள் முட்டாள்கள் என்றோ பாவப்பட்டவர்கள் என்றோ நாம் முடிவுகட்ட இயக்குநர் இடம் தரவில்லை.

வாட்ஸ் மக்கள் தங்கள் தெருவையும் முகத்தையும் அவருக்குக் கைமாற்றாகக் கொடுத்தார்கள். அவர் திருப்பிக் கொடுத்தது இந்தப் பார்வையை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தைப் பல்லாண்டுகள் முடக்கிப்போட்டது வேறொரு கடன். தாம் கேட்டு வளர்ந்த புளூஸ், ஜாஸ் பாடல்களைப் படம் முழுவதும் பயன்படுத்திய பர்னெட், வகுப்பறைக்கான படம்தானே என்று உரிமை வாங்கியிருக்கவில்லை. 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கப்பட வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது; ஆனாலும் முறையான திரையரங்க வெளியீட்டுக்கு 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. பாட்டுகளுக்குக் கொடுத்த தொகை சுமார் 1,50,000 டாலர். படம் எடுக்க ஆனதைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். இதை உரிமைச் சட்டம் பற்றிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோர் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தோன்றுவது வேறு. பத்திரம் உள்ள கடனுக்கு என்றைக்காவது ஒரு விலை நிர்ணயமாகும், யாரோ கட்டுவார்கள், தீரும். பத்திரம் இல்லாத கடனுக்கு விலை இல்லை. அதனால் அதைக் கட்டித் தீர்க்கும் வழியும் இல்லை. அது படத்தின் உள்ளேயே, ஒவ்வொரு ஃபிரேமிலும், கேமராவை எங்கே வைத்தோம், எப்போது ‘கட்’ சொன்னோம் என்ற முடிவுகளிலேயே தீர்க்கப்பட வேண்டும், அல்லது தீராமலே போகும்.

நம் பக்கத்திலும் இந்தக் கைமாற்றின் பெரிய வடிவங்கள் உண்டு. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஜான் ஆபிரகாம் கேரளத்தில் ‘ஒடேசா’ இயக்கத்தின் வழியாக ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். அதே ஆண்டில், சென்னைத் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த ஆபாவாணனும் அரவிந்தராஜும் அவர்கள் கூட்டமும் ‘ஊமை விழிகள்’ எடுத்தபோது, நாயகனாகச் சந்தை மதிப்புள்ள விஜயகாந்த் தம் பெயரை அவர்களிடம் நம்பிக் கொடுத்தார். ஒன்று சில்லறைக் காசு, மற்றொன்று நட்சத்திரப் பெயர். இரண்டும் நம்பிக்கையின் மேல் கொடுக்கப்பட்டவை.

அந்த நம்பிக்கை எவ்வளவு எளிதாக வீணாகிறது என்பதையும் நாம் பார்க்கிறோம். நடைபாதையில் படுத்திருக்கும் கிழவி, சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளி, செங்கல் சூளைக் குழந்தை: போட்டிக்கு வரும் குறும்படங்களில் இவர்கள் தவறாமல் வருகிறார்கள். பின்னணியில் வயலின் இழைகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்தில் இறங்கும்வரை கேமரா பொறுமையாகக் காத்திருக்கிறது. படத்துக்குக் கோப்பை கிடைக்கிறது, மேடையில் சமூக அக்கறை பற்றிப் பேச்சு நடக்கிறது. அந்தக் கிழவி தன் முகத்தைக் கொடுத்தாள். அது நம் இரக்கத்தின் விளம்பரப் பலகையாகிவிட்டது. இந்தப் படங்களை எடுக்கும் பிள்ளைகளின் நெஞ்சில் வஞ்சம் எதுவும் இல்லை. இரக்கம் எதையும் திருப்பிக் கேட்காத நல்ல குணம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். இரக்கப்படுகிறவன் தன்னைக் கொடுப்பவன் என்றே எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அந்த நேரத்தில் வாங்கிக்கொண்டிருப்பவன் அவன்தான் என்பது அவனுக்கு உறைப்பதில்லை.

வள்ளுவர் கொடுப்பவனின் கடமையை ஒப்புரவறிதல் என்றும், வாங்கியவனின் கடமையைச் செய்ந்நன்றி அறிதல் என்றும் தனித்தனி அதிகாரங்களில் வைத்துப் பேசினார். மறவாதிருத்தல் இரண்டாவதின் சாரம். கலை செய்பவனுக்கு மறவாதிருத்தல் போதுமா என்று கேட்டுப் பார்த்தால், போதாது என்றே தோன்றுகிறது. ஏனெனில் அவன் பெற்றது அரிசியோ பணமோ அல்லவே, அளந்து திருப்பிக் கொடுத்துவிட. ஒருவரின் முகம், ஒரு தெருவின் காலை வெளிச்சம், ஒரு வீட்டின் அமைதி, தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த ஒரு கதை, ஏன், அந்தக் கதையைச் சொல்லும் மொழியும்கூட, வாங்கிய கணத்திலேயே வாங்கியவனின் கையில் வேறொன்றாக மாறத் தொடங்கிவிடுகின்றன. கொடுத்தவரிடம் அவை கொடுத்த வடிவில் ஒருநாளும் திரும்பப் போவதில்லை. அப்படித் திரும்ப முடியாதவற்றைப் பெற்றுக்கொண்டே பிறந்து, வளர்ந்து, பேசி, எழுதி, படம் எடுத்து வாழும் நமக்கு, அவற்றைப் பொய்யாக்காமல் பயன்படுத்துவதைத் தவிர, கொடுத்தவர் தம்மை அதில் கண்டு தலைகுனிய வேண்டியிராத வண்ணம் பயன்படுத்துவதைத் தவிர, அடைப்பதற்கு வேறு எந்த நாணயமும் கையில் இல்லை. ‘என் படம்’ என்று சொல்லும் உரிமையே அப்போதுதான் பிறக்கிறது. தனக்கென்று எதுவும் இல்லாதவன், பிறர் தந்தவற்றையெல்லாம் சிதைக்காமல் ஓர் ஒழுங்கில் சேர்த்துக் காட்டியதால் ஈட்டிய உரிமை அது.

இதை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கல்லூரிகள் ஸ்கிரிப்டைக் கேட்கின்றன, ஸ்டோரிபோர்டைக் கேட்கின்றன, ஷாட் டிவிஷனையும் வரவுசெலவுக் கணக்கையும் ஸ்பைரல் போட்டுத் தரச் சொல்கின்றன. வைவாவில் ஏன் இந்த லென்ஸ், ஏன் இந்த வண்ணம் என்று தோண்டித் தோண்டிக் கேட்கிறார்கள். அவற்றோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை: வீடு கொடுத்த பெரியம்மாவும் பிணமாகப் படுத்த தாத்தாவும் படத்தைப் பார்த்துவிட்டார்களா, பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்? இதற்கு மதிப்பெண் போட வேண்டும், அதுவும் கணிசமாக. நன்றாக எடுக்கப்பட்ட சில படங்கள் அதனால் பின்தங்கும். ஒளி சரியில்லாமல், ஒலி தட்டுத்தடுமாறி, ஆனால் ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பள்ளிக்கூடச் சுவரில் போட்டுக்காட்டப்பட்ட ஏதோ ஒரு படம் முன்னுக்கு வரும். நடுவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.