கூண்டுப் பறவையின் மௌனம்

திருவனந்தபுரம் பழவங்காடிக் கணபதியின் திருமுன்னர் நாள்தோறும் தேங்காய்கள் சிதறுகின்றன. வாழ்வின் தடைகள் விலகவேண்டும் என்பதே உடைப்போரின் வேண்டுதல். அவ்வாறு வேண்டித் திரும்பும் நம் இல்லத்திலேயே, நாம் வைத்த தடைக்குள் ஒரு பறவை வாடுமானால், அதன் வேண்டுதலைக் கேட்பவர் யாவர்?

பறவைக்கும் மனச்சோர்வு உண்டோ என்று வினவுவார் உளர். பெயரைப் பற்றி வழக்காடலாம். குறிகளை மறுத்தல் இயலாது. பாடிய பறவை வாய்மூடும், இரை குறையும், மூலையில் ஒடுங்கும், ஒரே அசைவை ஓயாது செய்யும், தன் இறகைத் தானே பிடுங்கும். உடல்நோயிலும் இவற்றுட் சில தோன்றுமாதலின், முதற்கண் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

காரணம் அறிதற்கு அரியதன்று. காட்டில் கிளியின் பகற்பொழுது பெரும்பாலும் இரை தேடுவதிலும் கூட்டத்தோடு உறவாடுவதிலும் கழிகிறது. கூண்டிலோ கிண்ணம் நிரம்பியிருக்கிறது. செய்யத் தொழிலும் இல்லை, பேச உறவும் இல்லை. மூளை பெரிதான கிளியினங்களே கூண்டில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிலைக்கு மிகுதியும் ஆளாகின்றன என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மயில் குளிரால் நடுங்குமென்று போர்வை அளித்தான். கொடைமடம் என்று சான்றோர் அதனைப் போற்றினர். அவனே தன் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தபோது, அவள் துயரை எடுத்துரைக்கக் கபிலரும் பரணரும் செல்லவேண்டியிருந்தது. மயிலின் நடுக்கத்தைக் கண்ட கண்ணுக்கு மனையின் கண்ணீர் தெரியவில்லை. கிளிக்கு நம் மொழியைக் கற்பிக்கும் நாமும், அது வாய்மூடிச் சொல்வதைக் கற்றோமில்லை.

நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டென்று 2015இல் தில்லி உயர்நீதிமன்றமும் கருத்துரைத்தது. ஆயின், கூண்டிலேயே பிறந்த அயல்நாட்டு ‘லவ் பேர்ட்ஸ்’ போன்றவற்றைத் திறந்துவிடுதல் அருளாகாது. இரை தேடவும் பகைக்குத் தப்பவும் அவை அறியா. அவற்றுக்கு வேண்டுவன: இனத்துணை, சிறகு விரிக்க இடம், தேடி உண்ணுமாறு மறைத்து வைத்த இரை, கொறிக்க மரத்துண்டு, அன்றாடம் நம் உரையாடல், இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேர இருளும் அமைதியும்.

பறவையை வளர்ப்போர் அது இழந்த வானத்துக்கு இயன்றவரை ஈடு செய்யக் கடமைப்பட்டவர். அவ்வீட்டைச் செய்ய இயலாதவர் வாங்காதிருத்தலே அறம்.