நான் பார்த்துக்கிறேன், நீ தூங்கு

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். முதல் இரண்டு இரவும் நான் கண்மூடவில்லை. மூன்றாம் இரவும் நானே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மூத்த மகன் விழித்திருப்பதுதான் முறை என்று நினைத்தேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மாள் என் தோளைத் தட்டி எழுப்பினார். குளுக்கோஸ் பாட்டில் காலி. குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு ரத்தம் ஏறியிருந்தது. செவிலியர் ஓடிவந்து சரிசெய்தார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைநடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

காலையில் கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் தம்பி வந்தான். விசைப்படகில் தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவன். நடந்ததைச் சொன்னேன். “கடல்ல யாரும் ரெண்டு ராத்திரி சேர்ந்தாப்ல முழிச்சிருக்க மாட்டாங்கண்ணே. தூக்கம் கெட்டவன் கையில ஸ்டீரிங்கக் குடுத்தா எல்லாருக்கும் ஆபத்து. நான் பார்த்துக்கிறேன், நீ தூங்கு” என்றான்.

ஆனால் உடனே என்னை விடவில்லை. மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தது, சிறுநீர் எவ்வளவு போனது, எந்தப் பக்கம் அசைத்தால் வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.

கடற்படையின் ‘தாரிணி’ பாய்மரப் படகைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டு நினைவுக்கு வரும். அது 56 அடிப் படகு. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து அதில் கிளம்பியவர்கள் இரண்டே பேர்: கோழிக்கோட்டு தில்னா, நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று நான்கே இடங்களில் கரை தொட்டு, 25,000 கடல்மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29-ஆம் தேதி கோவா திரும்பினார்கள். வழியில் பசிபிக்கில் ‘பாயிண்ட் நீமோ’ என்ற இடத்தையும் கடந்தார்கள். அங்கிருந்து எந்தக் கரைக்குப் போவதானாலும் 2,600 கிலோமீட்டருக்குக் குறையாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையம் தலைக்குமேல் வரும்போது, அதிலிருப்பவர்கள்தான் மிக அருகிலுள்ள மனிதர்கள்.

இப்படிப்பட்ட நெடும்பயணப் படகில் அன்றாட வாழ்க்கை என்பதே முறைவைத்து விழிப்பதுதான். இருவர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். மேலே இருப்பவர் காற்று கூடினால் பாயைச் சுருக்குவார், தணிந்தால் விரிப்பார். கப்பல் விளக்கு ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பார். வேகத்தையும் திசையையும் காற்றழுத்தத்தையும் குறிப்பேட்டில் எழுதுவார். கீழே படுத்திருப்பவர் உருண்டு விழாமல் இருக்கப் படுக்கையோரம் துணித்தடுப்பு கட்டியிருக்கும். ஆனால் அவரை உண்மையில் தூங்க வைப்பது மேலே இருப்பவர்மீது உள்ள நம்பிக்கை. 2012–13இல் தனியொருவராக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவந்த அபிலாஷ் டோமிக்கு அந்தத் துணை இல்லை. தனியே போகிறவர்கள் அலாரம் வைத்துக்கொண்டு துண்டு துண்டாகத்தான் தூங்க முடியும்.

தமிழில் கண்ணால் பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஒருவரை நாம் பார்த்துக்கொண்டால்தான் அவர் கண்மூட முடியும். ஆனால் நம் வீடுகளில் அந்த முறை மாறுவதே இல்லை. எங்கள் வீட்டில் அது அம்மா. எல்லோரும் படுத்தபின் படுத்து, ஒரு இருமல் சத்தத்துக்கு எழுந்திருப்பார். “அவ தூங்கவே மாட்டா” என்று ஊரே புகழும். அதைக் கேட்டு நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்று அந்தக் குழாயில் ஏறிய ரத்தத்தைப் பார்த்தபிறகு அப்படிப் புகழ எனக்கு மனம் வரவில்லை. தூங்காதவரின் கண்ணும் ஒருநாள் தப்பும்.

ஒப்படைப்பதும் எளிதாக இல்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாயை விரித்துப் படுத்தவன் இரண்டுமுறை எழுந்துபோய் எட்டிப்பார்த்தேன். தம்பி அப்பாவுக்கு நான் கொடுப்பதைவிட நீர்க்கக் கஞ்சி கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டு வந்து படுத்தேன். பிறகு அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். அன்றிரவு என் முறை வந்தபோது அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டேன். வீடு திரும்பும்வரை அதில் எங்கள் இருவர் கையெழுத்தும் மாறி மாறி இருந்தது.

உங்கள் வீட்டில் கடைசியாக விளக்கணைப்பவர் யார் என்று இன்றிரவு பாருங்கள். தாத்தாவின் மாத்திரை எது, குழந்தை எத்தனை மணிக்கு எழும், காலையில் தண்ணீர் எப்போது வரும் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரை முதலில் படுக்கச் சொல்லுங்கள்.