அஞ்சியவன் வீரனாவானா?

சிறைக்கொட்டடி. கழிவறைக்கென வைத்த முரட்டுத் தாளிலே ஒரு மருத்துவர் எழுதுகிறார். வீரமுழக்கமல்ல அவர் எழுதுவது. குடும்பம் என்ன ஆகுமோ, கடன் எப்படித் தீருமோ, கதவு என்று திறக்குமோ என்ற கலக்கத்தை எழுதுகிறார்.

தைவானின் புது இலக்கியத் தந்தை எனப் போற்றப்படும் லாய் ஹே அவர். சாங்ஹுவா நகரிலே 1894இல் பிறந்தார். மறு ஆண்டே தைவான் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஆள்வோர் நடத்திய மருத்துவப் பள்ளியிலே பயின்றார். ஆனால் கதைகளை அவர்கள் மொழியிலே எழுத மறுத்தார். காய்கறி விற்கும் ஏழையின் நிறைகோலைக் காவலன் முறிப்பதும், அதன் விளைவும் அவருடைய 1926ஆம் ஆண்டுக் கதை. 1923இல் ஒருமுறை சிறை. 1941 டிசம்பர் 8, ஜப்பான் பெரும்போரில் குதித்த அன்று, மீண்டும் சிறை. ஏறத்தாழ 50 நாள் அடைபட்டார். 39 நாள் குறிப்பெழுதினார்; பிறகு உடல் ஒத்துழைக்கவில்லை. நோயாளியாக வெளிவந்தவர் 1943 ஜனவரியிலே மறைந்தார். ஜப்பானிய ஆட்சி 1945இல் ஒழிந்தபின் அக்குறிப்புகள் அச்சேறின.

அச்சேற்றியது அறமா? கேட்கத்தான் வேண்டும். தமக்கென எழுதியதைப் பிறர் படிப்பது முறையா? பிறர் மடலைப் பிரித்துப் படிப்பது ஆதிக்கக்காரனின் ஒற்றன் செய்யும் வேலையன்றோ? மேலும், தலைவனின் நடுக்கத்தை ஊரறியச் செய்தால் இளைஞர் உள்ளம் தளராதா?

முதற்கேள்வி மெய்யானது. அதனைத் தட்டிக்கழிக்க மாட்டோம். மடலிலே குறிக்கப்பட்ட மற்றவர் மானத்தைக் காப்பது பதிப்பிப்போர் கடன். ஆனால் ஒற்றன் படிப்பது ஒருவனை ஒடிக்க. நாம் படிப்பது ஒடுக்கப்பட்டவன் பட்ட பாட்டை உணர. நோக்கம் வேறு, விளைவும் வேறு.

இரண்டாவது கேள்வியை நாம் மறுக்கிறோம். ஏழைகளுக்கு இரங்கிய அந்த மருத்துவரைச் சாங்ஹுவா மக்கள் கடல்தெய்வமான மாசுவின் பெயராலேயே அழைத்தனர். அவர் கல்லறைப் புல் நோய் தீர்க்குமென்று பறித்துச் சென்றனராம்! பின்வந்த அரசோ 1951இல் தியாகிகள் கோயிலிலே அவர் பெயரை வைத்தது. பொதுவுடைமையாளர் என்று 1958இல் அகற்றியது. 1984இல் திரும்ப வைத்தது. ஏற்றியதும் இறக்கியதும் அதிகாரத்தின் விருப்பம். இவ்வளவுக்கும் நடுவே அவர் மனிதர்தான் என்று சாட்சி சொல்வது எது? அந்த முரட்டுத் தாள்தான்.

அஞ்சாதவன் எதிர்த்தான் என்றால் அதிலே வியப்பென்ன? தெய்வப்பிறவி, நம்மால் ஆகாது என்று கைகட்டி ஒதுங்கலாம். மனைவி மக்களை எண்ணிக் கலங்கியவன், கடனை எண்ணித் துயில் இழந்தவன், 1923இலேயே சிறையைச் சுவைத்தவன், அதன்பின்னும் எழுதினான் என்றாலோ, நாம் ஒதுங்க வழியேது? "எனக்கு அச்சமாயிருக்கிறது" என்பது இனிச் சாக்காகாது.

ஆகவே, தோழர்களே, தலைவர்களின் ஏடுகளையும் மடல்களையும் காப்போம். கறையைச் சுரண்டாமல், கண்ணீரை அழிக்காமல் காப்போம். தாளைத் திருத்தி வீரனை உயர்த்த முனைபவர் புதிதாக ஒரு சிலையைத்தான் செய்கிறார். நமக்குத் தேவை சிலையன்று. நம்மைப்போல் நடுங்கியும் நிமிர்ந்து நின்ற மனிதன்.