விளக்கு வரிசையில் யாருக்கு இடம்?

ஆடி வெள்ளி வந்தால் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களின் அம்மன் கோயில் மண்டபங்கள் குத்துவிளக்குகளால் நிறைந்துவிடும். வாழையிலை, மஞ்சள் பிள்ளையார், குங்கும அர்ச்சனை, நடுநடுவே குலவை. வரிசை பிடித்து உட்காருகிறவர்களில் பலர் ஒரே மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். எண்ணெய்க்கும் திரிக்கும் பூவுக்கும் வீடு வீடாகக் காசு திரட்டியவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்தக் குழுவின் ஊக்குநர் கணவனை இழந்தவர் என்றால், அவரை அந்த வரிசையில் பெரும்பாலும் காண முடியாது. தூணோரம் நிற்பார், அல்லது பின்கட்டில் பொங்கல் கிண்டிக்கொண்டிருப்பார்.

குழுக் கூட்டத்தில் நடுநாயகமாக உட்காருகிறவர் பூசையன்று தூணுக்குப் பின்னால் போவது ஏன்? ஊர் வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இதனடியில் கிடப்பது ஒரு சமயக் கேள்வி: ஒரு பெண்ணின் மங்கலம் அவளிடம் இருக்கிறதா, அவள் கணவனின் மூச்சில் இருக்கிறதா?

குழு தன்னளவில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1989ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுயஉதவிக் குழு முயற்சி, 1997-98 முதல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஒரு குழுவுக்கு 12 முதல் 20 பேர். அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் ஒழுங்குக்குப் பெயரே பஞ்சசூத்திரம்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், சொன்ன நாளில் திருப்பிக் கட்டுதல், ஒழுங்கான கணக்கு. கணவன் இருக்கிறானா என்று கேட்கும் ஆறாவது சூத்திரம் ஒன்று இல்லை. கைம்பெண்களையும் கைவிடப்பட்டவர்களையும் முதலில் சேர்க்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

ஆண்டு முழுக்க அந்தப் பெண்களின் கையில் ஊர் வேலை இருந்துகொண்டே இருக்கும். ஜூனில் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கடன், ஐப்பசியில் தீபாவளிச் செலவுக்குக் கடன். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடும்போதெல்லாம் குடிநீரும் தெருவிளக்கும் கேட்டு எழுந்து நிற்கிறவர்களில் குழுப் பெண்கள் முன்னால் இருப்பார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைப்பதும் குழுப் பெண்கள்தான். ஒரு கைம்பெண் கிண்டிய உப்புமாவைத் தின்று ஊர்ப் பிள்ளைகள் பாடம் படிக்கலாம். அவள் ஏற்றிய விளக்கு மட்டும் ஆகாதாம்!

வழிபாட்டிலும் பெண்கள் தங்கள் கூட்டத்தைத் தாங்களே நடத்தி நெடுங்காலம் ஆகிறது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் முளைப்பாரிக்கு இருட்டறையில் நவதானியம் விதைத்து, இரவு தோறும் கும்மியடித்து, கடைசி நாளில் ஊர்வலமாகக் கொண்டுபோய் நீரில் கரைப்பது அவர்கள் பொறுப்பு. நெல்லை, குமரிச் சீமையில் ஔவையார் நோன்பு இன்னும் சுவையானது. ‘தப்பினா தை, மறந்தா மாசி, அசந்தா ஆடி’ என்பார்கள். அந்த மாதங்களின் செவ்வாய்க்கிழமை இரவில் உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துப் படைப்பார்கள். ஆண்பிள்ளை எவனும் பார்க்கக் கூடாது, தின்னவும் கூடாது. பூசாரியும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். நல்ல கணவன் வேண்டும் என்று கன்னிப்பெண்கள் வேண்டிக்கொள்வது யாரிடம் என்றால், மணம் வேண்டாமென்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியதாகக் கதையில் வரும் ஔவையிடம். இந்த முரண் எந்தப் பெண்ணையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

சமய மரபைத் திறந்து பார்த்தால் தூணோரத்துக்கு அங்கே ஆதாரம் மெலிந்துதான் கிடக்கிறது. தசமகா வித்யைகளில் ஒருத்தியான தூமாவதி கைம்பெண் வடிவிலேயே வணங்கப்படுகிறாள். கணவன் விலகிப் போன பின் பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார், அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்கத் தான் மட்டும் அமர்ந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணகி. கணவனைப் பறிகொடுத்த பிறகுதான் அவள் தெய்வம் ஆனாள். தேனி மாவட்டக் கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லை மலையில் இருக்கும் அவள் கோட்டத்துக்கு மங்கலதேவி கோயில் என்று பெயர். சித்ரா பௌர்ணமிக்கு அந்த மலையேறிக் கும்பிட்டு வருகிற ஊர்தான், ஆடியில் அவளைப் போன்ற ஒருத்தியைத் தள்ளி நிறுத்துகிறது.

திருவிளக்குப் பூசை தாலி பாக்கியத்துக்காகச் செய்வது, தாலி இல்லாதவளுக்கு அதில் என்ன வேலை என்பது வழக்கமான மறுமொழி. அது உண்மையானால் மழைக்கும், பிள்ளையின் தேர்வுக்கும், கடன் தீர்வதற்கும் அதே விளக்கின் முன் வேண்டிக்கொள்வதை நிறுத்த வேண்டும். இன்னொரு மறுமொழி, யாரும் தடுக்கவில்லை, அவளே வருவதில்லை என்பது. இதுதான் கொடுமையானது. கணவன் இறந்த பதினாறாம் நாளில் வளையலை உடைத்து, குங்குமத்தை அழித்து, ஊரே கூடி ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்த ஒதுக்கத்தை, பின்னாளில் அவளுடைய அடக்கம் என்று பாராட்டுவதில் நேர்மை இல்லை.

மாற்றிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். மேல்மருவத்தூரில் பங்காரு அடிகளார் கருவறை வழிபாட்டைப் பெண்கள் கையில் கொடுத்தார். மாதவிலக்கு அங்கே தடையில்லை. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்திலுள்ள ஹேர்வாட் கிராமம், வளையல் உடைப்பதையும் குங்குமம் அழிப்பதையும் நிறுத்த 2022 மே மாதம் தீர்மானம் போட்டது. மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றும்படி மாநில அரசே சுற்றறிக்கை அனுப்பியது. ஈரோடு மாவட்டக் கோயில் ஒன்றில் ஒரு கைம்பெண்ணைத் தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், பெண்ணின் தகுதி அவளுடைய மணநிலையைப் பொறுத்துக் குறைந்துவிடாது என்று சொல்லி, அவள் கோயிலுக்குள் செல்வதை யாரும் தடுக்கக் கூடாது என்றது.

நீதிமன்றம் வாசல்வரைதான் கொண்டுவந்து விட முடியும். பக்கத்தில் உட்காரப் பாய் விரிக்க வேண்டியவர்கள் கூட இருக்கும் பெண்கள். தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவது குழுப் பெண்களுக்குப் புதிய வேலையும் இல்லை. ஆகவே சகோதரிகளே, வரும் ஆடியில் பூசைக்குப் பெயர் எழுதும்போது குழுவின் வருகைப் பதிவேட்டையே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விளக்கு வையுங்கள்.